பிஸ்கட் டின்னுக்குள் போன ஆராய்ச்சி

டாக்டர் நிரஞ்சன் எனக்கு எண்பத்தைந்தாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு வாங்கிய கடன். வட்டி கிடையாது. ஒரு வருடத்தில் திருப்பித் தருவதாக என் கணக்குப் புத்தகத்தில் அவனே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதை வாசிக்க எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எண்பத்தைந்தாயிரம் என்பதை எந்தப் பாஷையில் எழுதினாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

நான் யார் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமந்தவன். பிறகு லாரி கிளீனர், பிறகு டிரைவர், இன்று இரண்டு லாரிக்கும் ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கும் சொந்தக்காரன். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. சின்னத்தம்பி என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டால் கடை வரைக்கும் கூட்டிவந்து விடுவார்கள்.

எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனில் கொழுந்தெடுத்த வேலாயியின் மகன்தான் நிரஞ்சன். ஊருக்கெல்லாம் அவர், எனக்கு அவன். எங்கள் டிவிசனிலிருந்து பேராதனைக்கு டாக்டர் படிக்கப் போன முதல் ஆள். அட்மிஷன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு வேலாயி என் கடைக்கு வந்தாள். அறை வாடகை, புத்தகம், மனுஷ எலும்பு ஒரு பெட்டி என்று பட்டியல் வைத்திருந்தாள். செத்தவனுடைய எலும்புக்குக்கூடக் காசு கேட்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தேன். லாரிக்கு எஞ்சின் மாற்ற வைத்திருந்த பணம். அந்த லாரி அடுத்த மாதம் கினிகத்தேனை வளைவில் நின்றது. நான் தள்ளினேன், அவன் படித்தான்.

படித்து முடித்தான். கேட்டேன். இப்போதுதானே மாமா வேலைக்குச் சேர்ந்தேன் என்றான். பெரிய பரீட்சை எழுதினான், அதற்குப் பீஸ் கட்டினானாம். இருதயத்தைப் படிக்க இங்கிலாந்து போனான், அங்கே குளிருக்கு உடுப்பு வாங்கினானாம். திரும்பி வந்து கண்டியில் பெரிய டாக்டராகவும் மாணவர்களுக்கு வாத்தியாராகவும் ஆனான், வீடு கட்டினான். அந்த வீட்டுக்குச் சீமெந்து என் கடையில்கூட வாங்கவில்லை.

ஒன்று மட்டும் தவறாமல் செய்தான். வெளிநாட்டுக் கூட்டம் எதற்குப் போனாலும், அங்கே சும்மா கொடுக்கிற துணிப்பை ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தருவான். பையில் சிவப்பாக ஒரு இருதயம் இருக்கும், கீழே இங்கிலீஷில் ஏதாவது இருக்கும். பதினொரு பை சேர்ந்தது. கடையில் இரண்டங்குல ஆணி ஒரு பையில், ஒன்றரை அங்குல ஆணி ஒரு பையில். ஆணி குத்திக் குத்தி எல்லா இருதயத்திலும் ஓட்டை.

நான்கு வருடத்துக்கு முன் அவன் தன் பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினான். அதுவும் எங்கள் கீழ் டிவிசனில். நாற்பது வயது தாண்டிய, பிரஷர் இன்னும் பிடிக்காத, ஆனால் பிடிக்கப் பார்க்கிற இருநூற்று நாற்பது பேரைப் பிடித்தான். பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை. மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸ் ஜெயந்தினிக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. கொழும்பில் ஒரு பெட்டிக்குள் பட்டியல் பூட்டிக் கிடந்தது. மூன்று வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று தெரியுமாம். மாதம் ஒருமுறை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துப் பக்கத்திலேயே கிளினிக். ஆளுக்கு நம்பர் போட்ட போத்தலில் முப்பது மாத்திரை. பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, வேறு வருத்தம் இருந்தால் அதற்கும் மருந்து. அதற்கு முன் எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் ஹட்டனுக்கோ டிக்கோயாவுக்கோ பஸ் ஏற வேண்டும். ஏறினால் அன்றைய சம்பளம் இல்லை. ஆகவே அந்தக் கிளினிக் நல்ல காரியம். அதை நான் மறுக்கவில்லை.

மாதக் கடைசியில் எல்லாப் போத்தலும் காலியாகத் திரும்பி வந்தன. ஒரு மாத்திரை மிச்சமில்லை. நிரஞ்சனுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சனங்களைப் போல் ஒழுங்காக மருந்து குடிக்கிறவர்கள் உலகத்திலேயே இல்லை என்று இரண்டு நாட்டில் போய்ப் பேசினான். எனக்கு இரண்டு பை கிடைத்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தான். கையில் பை இல்லை. சீமெந்து மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்தான், வெள்ளைக் கால்சட்டையோடு. பட்டியலைத் திறந்துவிட்டார்களாம். மருந்து சாப்பிட்டவருக்கும் மாவு சாப்பிட்டவருக்கும் பிரஷரில் வித்தியாசமே இல்லையாம். இதை இப்படியே எழுதிக் கொடுத்தால் அந்த மருந்தால் பிரயோசனமில்லை என்று ஆகிவிடும், வெளிநாட்டுக் காசு நிற்கும், கிளினிக்கை மூட வேண்டும். அவனுக்கு வரவிருந்த பேராசிரியர் பதவியும் வேறு ஒருவனுக்குப் போகும். எங்கே பிழை என்று இருபது நாளாகத் தூங்காமல் கணக்குப் பார்த்தானாம்.

"எல்லாரும் ஒழுங்காத்தானே மாமா குடிச்சாங்க. போத்தல் காலியா வந்துச்சே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன். அவன் பழக்கத்தில் என் நாடியைப் பிடித்துப் பார்த்தான்.

விஷயம் எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அது ஆராய்ச்சிக்கே ஆகாத காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவன் சொல்லிச் செய்வது என்றே நினைத்திருந்தேன். கொடுத்த கடனைக் கேட்க வேலாயி வீட்டுக்குப் போன ஒரு நாள், பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, தேத்தண்ணியோடு ஒரு வெள்ளை மாத்திரையையும் என் கையில் வைத்தாள்.

"போட்டுக்குங்கண்ணே. தம்பி குடுத்தது, நெஞ்சுக்கு நல்லது."

இதைச் சொன்னதும் நிரஞ்சன் எழுந்தான். கால்சட்டையில் சீமெந்து. அவன் காரிலேயே கீழ் டிவிசனுக்குப் போனோம். கண்டியில் ஓடுகிற கார் அது. தோட்டத்துப் பாதையில் மூன்று இடத்தில் வயிறு தட்டியது. நான் லாரியில் போகலாம் என்று சொல்லியிருந்தேன்.

வேலாயி இருப்பது லயத்தில்; ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். டின்னை அவள் ஒளிக்கவில்லை. கூப்பிட்டதும் எடுத்துவந்து மகன் முன்னால் வைத்தாள். கதையையும் அவளே சொன்னாள். ஆராய்ச்சியில் சொந்த அம்மாவைச் சேர்க்கக் கூடாது என்று சட்டமாம், அவளை விட்டுவிட்டான். பெற்ற மகன் லயம் முழுக்க மருந்து கொடுக்கிறான், பெற்றவளுக்கு மட்டும் இல்லை என்று பக்கத்துக் காம்பரா சண்முகவடிவுக்கு மனசு கேட்கவில்லை. தன் போத்தலிலிருந்து ஐந்து மாத்திரை கொடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தவள். கொடுத்ததைப் போட ஒரு டின் வந்தது. பிறகு டாக்டரின் அம்மாவிடம் இருந்தால் பத்திரம் என்று எல்லோரும் போத்தலைக் கொண்டுவந்து அதிலேயே கொட்டினார்கள். காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். பேர் பதியாத புருஷன்மாருக்கும் உண்டு. மாதக் கடைசியில் மூன்று நாள் டின் காலி. அந்த மூன்று நாளும் எல்லோருமே சும்மா இருந்தார்கள். வேலாயி செய்வதைப் பார்த்து, அதுதான் டாக்டர் சொன்ன முறை என்று மற்ற ஏழு லயத்திலும் ஏழு டின்.

மருந்தும் மாவும் ஒரே டின்னில். கொழும்பில் பூட்டி வைத்த பட்டியல் யாருக்கு வேண்டும்?

"ஏம்மா இப்புடிப் பண்ணுனீங்க?" என்றான். குரல் உயரவில்லை. டின்னுக்குள் கைவிட்டு நாலைந்து மாத்திரையை எடுத்து உருட்டிப் பார்த்தான். படித்தவன் பார்த்தாலும் எது மாவு என்று தெரியாது.

வேலாயிக்குக் கோபம் வந்தது. "ஒரே செவுருதான் தம்பி நடுவுல. அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் கேக்கும். அவளுக்கு ஒன்னு, எனக்கு ஒன்னுன்னு எப்புடிக் குடுப்ப? குடுக்குறதுன்னா லயத்துக்கே ஒரே மாதிரி குடு. இது ஒனக்குத் தெரியாதா, இங்கனதானே பொறந்த?"

நிரஞ்சன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் ஏதோ குறித்தான். காகிதம் கொண்டுவரவில்லை பாவம், இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர்.

திரும்பி வரும்போது கொட்டகலையைத் தாண்டினோம். பிறகு, இது வெளியே போகக் கூடாது மாமா என்றான். மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தால் கிளினிக்கும் பதவியும் போகும், அவ்வளவுதான். டின் கதையை எழுதினால் உலகமே சிரிக்கும், அதுவும் அம்மாவை வைத்துச் சிரிக்கும். என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஹட்டனில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சொன்னேன்: "எல்லாரும் ஒழுங்கா முழுங்குனாங்கன்னு ஒரு காயிதம் எழுதியிருக்க. ஒரு வருசத்துல காசத் தாரேன்னு எங்கிட்ட ஒரு காயிதம் எழுதியிருக்க. ரெண்டும் இங்கிலீசு. ரெண்டுலயும் ஒன் கையெழுத்து. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது தம்பி, ஆனா நடந்துச்சா நடக்கலையான்னு தெரியும்."

கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

அடுத்த மாதம் கொழும்பில் பெரிய டாக்டர்கள் கூட்டம். அதில் எழுந்து நின்று டின் கதையை முழுவதுமாகச் சொல்லியிருக்கிறான். அம்மா பெயரையும் சொன்னானாம். மண்டபம் சிரித்ததாம். நர்ஸ் ஜெயந்தினி பின்வரிசையில் இருந்தாள். ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார் என்று வந்து சொன்னாள். பேராசிரியர் பதவி, கொழும்புக்காரர்களின் இருதயத்தைப் பார்க்கிற வேறொருவருக்குப் போனது. அவருடைய ஆட்கள் மதில் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள், மாத்திரை மதில் தாண்டாது.

ஆனால் காசு கொடுத்த வெளிநாட்டுக்காரன் நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னதற்காக இன்னும் இரண்டு வருடத்துக்குக் கொடுத்தான். கிளினிக் மூடப்படவில்லை. இந்த முறை ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஒரு லயத்துக்கு முழுக்க ஒன்று, இன்னொரு லயத்துக்கு முழுக்க மற்றது. டின்னிலேயே போட்டுக்கொள்ளலாம். இந்த முறைக்கு இங்கிலீஷில் நீளமான பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதாம், புத்தகத்தில் படித்துத்தான் இருந்தானாம். படித்ததை ஞாபகப்படுத்த வேலாயி தேவைப்பட்டாள்.

போன தைப்பொங்கலுக்கு மறுநாள் கடைக்கு வந்தான். நான் கல்லாவில் இருந்தேன். பை ஏதாவது தருவான் என்று பார்த்தேன். இல்லை.

"புத்தகத்த எடுங்க மாமா" என்றான்.

எடுத்தேன். அவன் எழுதிய பக்கம் மஞ்சளாகிவிட்டது. அன்று அந்தப் பணத்துக்கு இருநூறு மூட்டை சீமெந்து வரும், இன்று நாற்பது மூட்டைகூடத் தேறாது என்று சொன்னேன். தலையை ஆட்டினான். வட்டி வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே மாமா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் சரிதான். ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்து, வங்கிக்காரன் போல் விரலால் சரசரவென்று தள்ளிப் பதினேழு என்றான்.

நான் வாங்கவில்லை. மூன்று வருடம் மாத்திரை எண்ணி ஏமாந்த ஆளின் கணக்கை நான் எப்படி நம்புவது? அப்படியே முகத்துக்கு நேரே கேட்டேன். கடையில் ஆணி வாங்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டி விரித்தேன். அவன் முதலிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு தாளாக என் உள்ளங்கையில் வைத்து, சின்னப் பையன் வாய்ப்பாடு சொல்வது போல் சத்தமாக, ஒன்று, இரண்டு என்று பதினேழு வரைக்கும் எண்ணினான்.