கல்தொட்டிக்கு நீர் சுமந்தவள்

சங்ககிரிக்குக் கிழக்கே, இடிந்த கோட்டையைச் சுமக்கும் சிறு குன்றின் அடியில் முத்தாயம்மாளின் ஓட்டுவீடு இருக்கிறது. அவளுக்குப் பிழைப்பு விசைத்தறிக் கூடத்தில், கடமையோ குன்றின்மேல். அமாவாசைதோறும் ஒரு குடம் நீருடன் முந்நூறு படியேறி, ஆளற்ற மாளிகையின் கல்தொட்டியில் ஊற்றிவிட்டு இறங்குவாள்.

மைசூர் அரசு இந்நாட்டைக் கைக்கொண்டிருந்த நாளில் பிறந்த கடமை அது. சீரங்கப்பட்டணத்திலிருந்து கில்லேதார் என்னும் கோட்டை அதிகாரியை அனுப்புவார்கள். ஈராண்டில் ஒருவர் போவார். நம் மொழியறியாத இன்னொருவர் வருவார். புதியவர் முத்திரையிட்டாலன்றிப் பழைய மானியம் செல்லாது. அதிகாரியின் மாளிகைக்கு நீர் சுமந்த குடும்பத்துக்கு அடிவார நிலம் மானியமாயிற்று. கடைசி அதிகாரி போய் இருநூறாண்டு கழிந்தும், அடுத்தவர் வரும்போது தொட்டி வறண்டிருந்தால் நிலம் போய்விடும் என்னும் அச்சம் மட்டும் அக்குடும்பத்தை விட்டுப் போகவில்லை. அக்குடும்பத்தில் பிறந்த கணவர் வீரபாகு இறந்த மறுமாதமே இவள் குடத்தைத் தூக்கினாள்.

“ஆரும்மா வரப்போறாங்க? அந்தத் தண்ணியக் கொரங்குதான் குடிக்குது” என்பாள் மகள் வித்யா.

“குடிக்கட்டும் சாமி. நம்ம ஊடு நிக்கோணுமில்ல?”

சென்ற ஆடியில், வீடிருக்கும் இடம் அரசு நிலமென்று வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. விசாரணைக்குப் போனவள், மஞ்சள் துணியில் பொதிந்த பழந்தாளை மேசைமேல் வைத்தாள். அதிலிருந்த கன்னட எழுத்தை அவள் வீட்டில் எவரும் படித்ததில்லை. அலுவலர் ஆள்வைத்துப் படிக்கச்சொல்லிக் கேட்டார்.

“இன்னமும் தண்ணி கொண்டு போறீங்களாம்மா?”

“ஒரு அமாவாசை தவறலீங்க” என்றாள் பெருமிதத்தோடு.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கோட்டையில அதிகாரி குடியிருக்கிற வரைக்கும்தான் நிலம்னு இதுல எழுதியிருக்கு.”

“அடுத்தவரு வந்தா முத்திர போடுவாருங்களே?”

“அடுத்தவரா? எனக்கே மாறுதல் ஆர்டர் வந்தாச்சும்மா.”

தலைமுறையாய்க் குடியிருந்த அனுபோகத்தைச் சொல்லியேனும் வாதாடியிருக்கலாம், அந்தத் தாளைக் காட்டியதுதான் பிழை என்றார் வாசலில் நின்ற எழுத்தர். முத்தாயம்மாள் தாளை மீண்டும் துணியில் பொதிந்துகொண்டாள்.

அடுத்த அமாவாசையன்று அவள் வீட்டு முற்றத்தில் அரசு ஆட்கள் அளவைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குடத்தோடு படியேறினாள். மேலே மாளிகை வாசலில் அமர்ந்து, அக்குடத்து நீரை முதன்முறையாகத் தானே ஒரு கை அள்ளிக் குடித்தாள். தொட்டியில் ஊற்றாமலே திரும்பி இறங்கத்தான் எழுந்தாள். தொட்டியின் விளிம்பில் குரங்குகள் காத்திருந்தன.

மீதியை ஊற்றினாள்.