ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம்

உயர்ந்த கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடிகளைத் துடைப்பது அவர் வேலை. இடுப்பில் வாரும் தலைக்கு மேலே கயிறுமாகத் தரைக்கும் வானத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார். சோப்புத் தண்ணீரைத் தடவி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாக வழித்துவிட்டால், மங்கலாக இருந்த இடத்தில் சட்டென்று ஓர் அறை தெரியும். கண்ணாடியில் ஒரு மேகம் நகரும். அந்த மேகத்துக்குள் யாரோ உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் அவரைக் கவனிப்பதில்லை. அவருக்கும் அதில் குறையில்லை.

"கனவு காணக் கூலி கொடுக்கறாங்கடி எனக்கு," என்பார் மனைவியிடம்.

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் காணுங்க, போதும்," என்பாள் அவள். அவளுக்கு பேக்கரியில் வேலை. விடியுமுன் போனால் பிற்பகலில், முடியெல்லாம் மாவு படிந்து, நரைத்த கிழவிபோலத் திரும்பி வருவாள்.

அப்பா இல்லாத பிள்ளையாக, சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர் அவர். கூட்டுவது, துடைப்பது, தண்ணீர் சுமப்பது எல்லாம் அவர் பாடு. யாரும் அடித்ததில்லை, திட்டியதில்லை. வேளாவேளைக்குச் சோறும் கிடைத்தது. ஆனால் தன்னுடையது என்று ஒரு காசு மட்டும் அவர் கையில் இருந்ததே இல்லை. பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகள் ஐஸ் வாங்கும்போது, கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார், உள்ளே ஏதோ இருப்பதுபோல.

அதனால்தான் மகளுக்கு எட்டு வயதானபோது அந்த யோசனையைச் சொன்னார். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டு வேலை செய்யட்டும். ஞாயிறு தோறும் கைக்காசு கொடுப்போம்.

மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. "இப்படிப் பழக்கினா, நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி கேட்டாக்கூடக் கையை நீட்டும்."

"நீட்டட்டுமே. நீட்டத் தெரியாமலே வளர்ந்தவன் நான்."

சரியென்று அவளே வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள்.

மகளுக்கு வீட்டில் வக்கீலம்மா என்று பெயர். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் உலர்ந்த துணியை மடிப்பதும் அவள் பங்கு. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். ஐந்து வயதுத் தம்பிக்குப் பெயர் ஆமை. துவைத்த சாக்ஸ்களை ஜோடி சேர்ப்பது அவன் வேலை. உட்கார்வான், ஒன்றைக் கையில் எடுப்பான், ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசியைப் பார்ப்பான். வெயில் சுவரேறிப் போய்விடும். கையிலிருந்த சாக்ஸ் கையிலேயே இருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மா வந்து நின்றாள். "அவன் வேலையையும் நான்தான் முடிச்சேன். அவன் காசையும் எனக்கே குடுங்கப்பா. நியாயம்தானே?"

நியாயம்தான். கொடுத்துவிட்டார். அடுத்த வாரமும் அதே கதை. ஆமை அழவில்லை, கேட்கவுமில்லை. அவன் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கத்தான் அவருக்கு என்னவோ செய்தது. பழைய கால்சட்டைப் பை ஞாபகம்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் பலமான காற்று. காற்றடித்தால் கயிற்றில் இறங்கக் கூடாது. சீக்கிரமே வீடு திரும்பினார். ஷூவைக் கழற்றும்போது உள்ளறையிலிருந்து பேச்சு கேட்டது.

"கதையை நிறுத்தாதடா. அந்தப் பச்சை சாக்ஸ் எங்க போச்சு?"

"வீட்டை விட்டுப் போயிடுச்சுக்கா. அதோட ஜோடி மட்டும் தினம் ஜன்னல்கிட்ட வந்து நிக்குது."

"ஏன் போச்சாம்?"

"கால் இல்லாம இருந்து பாக்கணும்னு அதுக்கு ஆசை."

"சரி, மேல சொல்லு. போன வாரம் கதைக்குக் காசு குடுத்தேன்ல, இந்த வாரமும் தரேன்."

அவர் ஒரு காலில் ஷூவோடு நடையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பச்சை சாக்ஸ் துணிக்கொடியிலிருந்து துணிக்கொடிக்குத் தாவி, கூரைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் கூடவே போனார், கயிறு இல்லாமல்.

மனைவி வந்ததும் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அப்போ காசெல்லாம் இவன்கிட்டயா இருக்கு? என்ன பண்ணான்?" என்றாள்.

கேட்டால், ஆமை கட்டிலடியில் புகுந்து ஒற்றைப் பச்சை சாக்ஸை எடுத்துவந்தான். விரல் பக்கம் கனத்துத் தொங்கியது.

"இது அதைத் தேடிப் போகணும்ல? பஸ்ஸுக்கு வேணும்," என்றான்.

அன்றிரவு முழுவதும் அவர் யோசித்தார். அடுத்த ஞாயிறு இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இனிமே வேலைக்குக் காசு கிடையாது. இது நம்ம வீடு, நாமதான் செய்யணும். காசு வேற. அது ரெண்டு பேருக்கும் உண்டு, சும்மாவே."

"வேலை செய்யாட்டியும் வருமா?" என்றாள் வக்கீலம்மா.

"வரும்."

"அப்போ நான் எதுக்குச் செய்யணும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் டீயைப் பார்த்தாள். "நீங்கதானே வாயைக் குடுத்தீங்க, நீங்களே மீளுங்க," என்றாள்.

வக்கீலம்மா கையைக் கட்டிக்கொண்டாள். மடிக்காத துணி நாற்காலியின்மேல் மலையாக ஏறியது. செடிகளில் ஒன்று தண்ணீரில்லாமல் பட்டே போய்விட்டது. பழையபடி காசுக்கு வேலை என்று ஆக்கிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. "பொறுங்க. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா?" என்றாள் மனைவி.

ஆமை மட்டும் வழக்கம்போல் சாக்ஸ் குவியலருகே தனியாக உட்கார்ந்திருந்தான். அக்காவுக்குக் கதை மிச்சமிருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் கேட்டுப் பார்த்தாள். "சாக்ஸ் பக்கத்துல இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா," என்றான். ஏமாற்றவில்லை, உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் முறைப்பாகத் திரிந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மெல்ல வந்து குவியலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். கை சும்மா இருக்கவில்லை அவளுக்கு. பழக்க தோஷம், ஒரு துண்டை மடித்தாள், பிறகு ஒரு சட்டையை. அவன்கூடப் பேச்சுவாக்கில் ஒரு ஜோடியைச் சேர்த்துவிட்டான், தவறான ஜோடிதான். அவள் அதைப் பிரிக்கவில்லை. காசைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அது தானாக வந்தது. ஆமை தன் பங்கை அக்காவிடமே கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னான். அவளுக்கு அதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகச் சந்தேகம்.

அதற்குப் பிறகு மறுபடி ஒரு காற்று நாள். மனைவி பிற்பகலில் வீடு வந்தபோது, கொடியிலிருந்து எடுத்த துணிக்கு நடுவே கணவர் தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். கதை கேட்கப் படுத்தவர். பிள்ளைகள் மடித்த துணிகளை ஒவ்வொன்றாக அவர் வயிற்றின்மேல் அடுக்கியிருந்தார்கள். அவர் மூச்சு விட விட, அடுக்கு ஏறி ஏறி இறங்கியது.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆமை உதட்டில் விரல் வைத்தான்.

"அம்மா, அது மலை. சத்தம் போட்டா சரிஞ்சிடும்."

அவள் பையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். நின்று நின்று வீங்கிய கால்களை நீட்டி, மாவுத் தலையோடு அந்த மலையடிவாரத்தில் மெல்லச் சாய்ந்துகொண்டாள்.