மருமகளுக்காக எடுத்த கோல்

ஆர்சி மேட்டுநிலத்தில் ஷுப்பேயைப் போல ஒரு வாயாடி கிடையாது. ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பிடிகொடுக்க மாட்டாள். பெண்களை அடிக்கும் வழக்கத்தை ஒழிப்பது எப்படி என்று ஆராய வந்து, அவள் வீட்டிலேயே தங்கியிருந்தாள் ஓப்சே. இந்த வீட்டில் யாராவது உங்கள் மேல் கை ஓங்கியதுண்டா என்று அவள் கேட்கும்போதெல்லாம், உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வேறு வேலையே இல்லையா என்று சிரித்தபடி பார்லிக் கஞ்சியை முன்னால் தள்ளிவிடுவாள் ஷுப்பே. கல்யாணத்தன்று தாய் கொடுத்த சிங்கே கோல் சுவரோரம் புகையேறிக் கறுத்து நின்றது. அடிபட்ட பெண்ணுக்காக அதைத் தூக்கிக் குரல் கொடுத்தால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். அது ஒருநாளும் வாசல் தாண்டியதில்லை. கொடுத்துவைத்தவள் என்றே ஓப்சே நினைத்திருந்தாள்.

அன்று காலை, பக்கத்துக் குடிசையில் ஷுப்பேயின் ஒரே மகன் கபத்தோ தன் மனைவி மாக்கோவை அடித்தான். பச்சை உடம்புக்காரி. பிள்ளை பெற்றவள் நெற்றியில் கட்டும் கனஃபா மரத்துண்டைக்கூட அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. அதைக் கட்டியவளைத் தொட்டு அடிப்பது பெரும்பாவம். அவளுடைய ஈனக்குரல் ஷுப்பேயின் வீட்டைத் தாண்டிப் போகவில்லை. ஷுப்பே கத்தினால் மகன் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும். கத்தாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

யம்மாடி, அது என்ன குரல்! எத்தனையோ படித்திருந்த ஓப்சேக்கே உடம்பெல்லாம் புல்லரித்தது. சரிவு சரிவாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள், ஒவ்வொருத்தி கையிலும் கோல். பாதி கறந்த பசுவை விட்டும், அழுகிற பிள்ளையைப் புருஷன் மடியில் போட்டும் வந்தார்கள். என்ன ஏது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மாக்கோவை நடுவில் உட்காரவைத்து, நியாயம் கிடைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று ஓடைக்கு அப்பால் அமர்ந்துவிட்டார்கள். மதியத்துக்கு மேல் ஊர்ப் பெரியவர்கள் கையில் பச்சைப்புல்லோடு சமாதானம் கேட்டு, கபத்தோவையும் கூட்டிவந்தார்கள்.

அவன் தாயின் காலில் விழுந்தான். "பெத்த புள்ளைய இப்படி ஊர் முன்னால நிறுத்திட்டியேம்மா."

ஷுப்பே அழுதுகொண்டுதான் இருந்தாள். கோலை மட்டும் விடவில்லை.

"நீ கைக்குழந்தைடா அப்ப. என் நெத்தியிலயும் கனஃபா இருந்துச்சு. உங்கப்பன் அடிச்ச அடியில நான் கத்துனது என் மாமியாருக்குக் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. இவளுக்கும் அப்படி ஒரு மாமியாரா நான்? என் கால விடு. அவகிட்ட போ."

இத்தனை நாள் கேட்ட கேள்விக்கு ஓப்சேக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

கபத்தோ முழங்காலிலேயே நகர்ந்து மாக்கோவின் முன்னால் போய்க் குனிந்தான். மன்னிப்பதா வேண்டாமா என்பது அவள் கையில் இருந்தது. பொழுது சாய்ந்தது. மடி கனத்த பசுக்கள் அக்கரையில் கத்தின. ஒருத்தியும் அவளை அவசரப்படுத்தவில்லை, ஷுப்பே உட்பட.