பாதியில் நின்ற உரையின் மீதி

கயல்விழி அக்கா டெங்குவில் இறந்துவிட்டார் என்ற செய்தி, நமது தலைநகர்த் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. மேலே சாம்பார்ப் பொடி விளம்பரம், கீழே ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ, நடுவில் அக்கா. கும்பிடும் கைகளை அனுப்பிய உங்களில் ஒருவர்கூட முனிர்காப் பகுதியில் அவர் அறைக்கு வந்ததில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டைமாடி அறையில் குடியிருந்தார். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன்கள் எப்படி உருவாகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. அது தெரிந்தும் நம் சங்க விழா ஒன்றில் ஒருவர் மகளின் ஜாதகத்தை நீட்டினார். அக்கா சிரிக்காமல் சொன்னார்: “நான் பாக்குற நட்சத்திரம் இன்னும் பொறக்கவே இல்ல சார். அது எப்படி உங்க பொண்ணுக்குப் பொருத்தம் பாக்கும்?” மறுநாளிலிருந்து அவருக்குத் திமிர் என்று பேசினீர்கள்.

தன் ஆராய்ச்சியைத் தமிழில், எல்லோருக்கும் புரியும்படி ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பலமுறை தள்ளிப்போட்டு, போன பொங்கல் விழாவில் இருபது நிமிடம் கொடுத்தீர்கள். ஒரு வாரம் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார். எனக்குப் புரியாவிட்டால், “உன் மேல தப்பில்லடி, என் வாக்கியம் சரியில்ல” என்று அடித்து எழுதுவார்.

விழாவில், விண்வெளியில் மூலக்கூறு மேகங்கள் என்னும் மாபெரும் வாயுத் திரள்கள் இருப்பதைச் சொன்னார். கடுங்குளிரான அந்த இருட்டில் வாயுவும் தூசும் தம் ஈர்ப்பாலேயே சுருங்கி விண்மீனாவதைச் சொன்னார். பிறகு கேட்டார்: “பெரிய விண்மீன் வளர்ந்து முடிக்கும் முன்பே ஒளிரத் தொடங்கிவிடும். அந்த ஒளியே வாயுவை வெளியே தள்ளும். அப்படியானால் அது எப்படி மேலும் வளர்கிறது?”

அப்போது செயலாளர் அங்கிள் மேடையேறினார். “அச்சா, ஜல்தி முடிம்மா. தம்போலாவுக்கு எல்லாரும் வெயிட் பண்றாங்க” என்று அவசரப்படுத்தி மைக்கை வாங்கிக்கொண்டார். நீங்கள் கைதட்டினீர்கள், தம்போலா என்னும் எண் விளையாட்டுக்காக.

நான் எழுதிய இந்த அஞ்சலியை நேற்று செயலாளர் அங்கிள் திருத்திக் கொடுத்தார். தம்போலா பற்றிய வரி அடிக்கப்பட்டிருந்தது. ‘நட்சத்திரமாகி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று கடைசியில் சேர்த்திருந்தார். அக்கா நட்சத்திரமாகவில்லை. இருபத்தொன்பது வயதில் இறந்துபோனார். அந்தத் தாளை நான் கொண்டுவரவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நீங்கள் கேட்காத பாதி. எனக்கு அது மனப்பாடம். “வாயு நேராக விழுவதில்லை. சுழன்று சுழன்று, விண்மீனைச் சுற்றித் தட்டையான வட்டாக அமைகிறது. ஒளி மேலும் கீழுமாக வழி கண்டு வெளியேறிவிடுகிறது. வட்டின் வழியே வாயு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. விண்மீன் அப்படித்தான் வளர்கிறது.”

அக்காவின் உரையில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. யாரும் எழுந்திருக்க வேண்டாம்.