மல்லாவியிலிருந்து வந்த கிராபிக்ஸ் கார்ட்

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஆமி நெருங்கி வந்ததால், மல்லாவியில் இருந்த எங்கள் நிறுவனத்தின் கிளைக் கந்தோரை மூடினார்கள். அதனால்தான் என் கொம்பியூட்டருக்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று கிடைத்தது.

நான் அப்போது கிளிநொச்சியில், குளங்களையும் வாய்க்கால்களையும் திருத்துகிற ஒரு நிறுவனத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். என் மேசையில் இருந்தது, திரையும் மற்ற எல்லாமும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வகைக் கொம்பியூட்டர். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த உதவிச் சாமான்களோடு பழசாகவே வந்தது. கடிதம் அடிக்க அது போதும். வாய்க்கால் படம் ஒன்றைத் திறந்தால் திணறத் தொடங்கிவிடும். கொஞ்சம் பெரிதாக்கினால் திரை வெள்ளையாகி, கோடுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். செயற்கைக்கோள் எடுத்த செய்மதிப் படம் என்றால் இன்னும் மோசம். எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தாலும் பாதிதான் நிரம்பியிருக்கும்.

கார்ட்டை மாற்றினால் சரிவரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சண்டையால் தெற்கிலிருந்து வருகிற பாதை பூட்டியிருந்தது. டோர்ச் பட்டரிகூட ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வராத காலம் அது. அதோடு, கடையில் விற்கிற கார்ட் அந்தப் பெட்டிக்குள் பொருந்தாது. அதே இனத்துப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும். மல்லாவியில் அப்படி ஒன்று இருந்தது. எங்களுடையதைவிடப் பிந்தி வந்தது, கார்ட்டும் பெரியது.

அதில் வேலை செய்த பெண் என்னைவிட இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். உழவு மெசினில், புருசனோடும் பிள்ளையோடும், நெல்மூட்டைகளுக்கு நடுவில் அந்தப் பெட்டியைப் பெட்சீற்றால் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். சுற்றை அவிழ்த்தபோது திரை நொறுங்கிக் கிடந்தது.

"கண்ணாடிதான் உடைஞ்சுபோச்சு அக்கா. உள்ளுக்கு ஒண்டும் நடந்திருக்காது."

"வீடு?"

"பூட்டிப்போட்டு வந்தனாங்கள்." பெட்சீற்றை மடித்தாள். "ஏன் பூட்டினனாங்கள் எண்டுதான் தெரியேல்லை."

எங்கள் பொறியியலாளர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், வந்து நொறுங்கிய திரையைப் பார்த்தார். "இதில இருக்கிற கார்ட்டை மற்றதுக்குப் போடலாமெண்டால் கெதியாப் போடும் பிள்ளை" என்றார். "செய்மதிப் படத்தைத் திறக்கவேணும். சனம் வரப்போகுது. ஆக்களை இருத்த இடம் பாக்கவேணும்."

'வரப்போகுது' என்று அவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. அக்கராயன் பக்கத்திலிருந்து அப்போதே வீதி நிறையச் சனம் வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது அவர்களைப் பற்றி அல்ல, இனிமேல் இடம்பெயரப்போகிறவர்களைப் பற்றி.

கார்ட்டுக்கும் அதன் மேலிருக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் பூச வெள்ளைப் பசை வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் எரிந்துவிடும். சந்தைக்குப் பக்கத்தில் ரீவி திருத்துகிறவரிடம் போனேன். அவருடைய தட்டுகள் பாதி வெறுமையாக இருந்தன. ஒரு சின்ன டப்பாவை அப்படியே என் கையில் வைத்தார். "முழுக்கக் கொண்டுபோங்கோ. எனக்கினித் தேவைப்படாது" என்றார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அப்போது ஆட்கள் கேட்பதை விட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை இரண்டு பெட்டிகளையும் மேசையில் குப்புறப் படுக்கவைத்துப் பின்மூடிகளைக் கழற்றினோம். என்னுடையதற்குள் செம்மண் தூசி படை படையாக இருந்தது. அவள் பழைய கார்ட்டைக் கழற்ற, நான் மல்லாவிக் கார்ட்டைக் கழற்றினேன். உள்ளங்கையளவுதான். பழைய பசை சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிர்ந்தது. என் மனுசன் ஆஸ்பத்திரியில் வேலை. அவர் மருந்துப் போத்தலில் கொஞ்சம் ஸ்பிரிட் கொண்டுவந்து தந்திருந்தார். "இனிக் கேக்காதையும், காயத்துக்கே காணாது" என்று சொல்லித்தான் தந்தார். பஞ்சில் நனைத்து, கார்ட்டின் சிப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே அந்த இரைச்சல் தொடங்கியது. ஆளில்லாமல் பறந்து படம் எடுக்கிற விமானம். நாங்கள் வண்டு என்போம்.

"சுத்துது" என்றாள் அவள்.

வண்டு வந்து போனால் பிறகு குண்டு போடுகிற கிபிர் விமானம் வரும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றும் வந்தது. எல்லாரும் பின்வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் ஓடினோம். நிலம் இரண்டு தரம் உதைத்தது. மண் தலையில் கொட்டியது. சத்தம் அடங்கிய பிறகுதான் பார்த்தேன், கார்ட்டை விளிம்பில் பிடித்தபடியே நான் பங்கருக்குள் வந்திருந்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்து, பசை பூசி, கார்ட்டைப் பூட்டினோம். ஜெனரேற்றரைப் போட்டு, கொம்பியூட்டரின் பட்டனை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றியது. திரை கறுப்பு. மறுபடி திறந்தோம். கார்ட்டின் ஒரு பக்கம் சரியாக இறங்காமல் நின்றது. அவள் பெருவிரலால் அழுத்த, டிக் என்று உட்கார்ந்தது. இந்தமுறை வெளிச்சம் வந்தது.

செய்மதிப் படத்தைத் திறந்தேன். முழுவதும் ஒரே தடவையில் வந்து நின்றது. பெரிதாக்கினேன். குளக்கட்டு, வாய்க்கால், தனித்தனிக் கூரைகள். இழுத்த பக்கமெல்லாம் நழுவி வந்தது.

"மல்லாவியைக் காட்டுங்கோ அக்கா."

காட்டினேன். அது பழைய படம். அவளுடைய வீட்டுக் கூரையும், பக்கத்தில் பலாமரமும், முற்றத்தில் ஏதோ காயப்போட்டிருந்ததும் தெரிந்தன. கிட்ட வந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "மேலயிருந்து பாக்கிறவங்களுக்கும் இப்பிடித்தான் தெரியுமோ?"

நான் படத்தை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வாய்க்கால் வரையவில்லை. கிணறு இருக்கிற மேட்டுநிலங்களைத் தேடி, தறப்பாள் கொட்டில்களுக்கும் மலசலகூடங்களுக்கும் படம் வரைந்தேன். உருத்திரபுரத்துக்கு ஒன்று வரைந்தேன். அது தேவைப்படுவதற்குள் உருத்திரபுரத்துச் சனமே வெளிக்கிட்டுவிட்டது. பிறகு அதற்குக் கிழக்கே. பிறகு இன்னும் கிழக்கே. ஒவ்வொரு முறையும் படத்தை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினேன்.

ஒரு நாள் பின்னேரம், எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க, முழுவதையும் சிறிதாக்கினேன். பழைய கார்ட்டில் அப்படிப் பார்க்கப் பொறுமை இருந்திருக்காது. வலப்பக்கம் நீரேரி, அதற்கு அங்கால் ஒரு மெல்லிய மணல்கீற்று, பிறகு கடல். சேரைக் கூப்பிட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார்த்தார்.

"இதை ஒருத்தருக்கும் காட்டாதையும்."

"ஏன் சேர்?"

"வேற இடம் இருக்கெண்டு சொல்லேலுமெண்டால் காட்டலாம்."

மனுசனிடம் மட்டும் சொன்னேன். "ஆஸ்பத்திரியையும் தருமபுரத்துக்கு மாத்தப்போறாங்கள்" என்றார் அவர். "ஆமி இருக்கிற வவுனியாப் பக்கம் போக இயக்கத்தில பாஸ் தரமாட்டினம். கிழக்காலதான் போகவேணும்."

"கிழக்கால கடலெல்லே."

அவர் வேறு கதைக்கு மாறினார். நானும் விட்டுவிட்டேன்.

மழை தொடங்கும்போது கந்தோர் தருமபுரத்துக்குப் போனது. கொம்பியூட்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். டீசல் இல்லாததால் அதை யாரும் போடவில்லை. நான் பென்சிலால் வரைந்தேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. தை மாதம் உடையார்கட்டில், வீதியோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"அக்கா, நீங்கள்தானே படத்தைப் பாத்தனீங்கள். இனி எங்கால போறது?"

"எல்லாரும் போற பக்கம் போங்கோ" என்றேன். வேறென்ன சொல்ல? எல்லாரும் போன பக்கம்தான் நானும் போனேன்.

பிறகு அவளைக் கண்டது, சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில், தண்ணிக்கு நின்ற வரிசையில். பிள்ளை அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளோடு புருசன் இல்லை, வேறு ஒருவரும் இல்லை. அவள்தான் கேட்டாள், அண்ணை, என் மனுசன், இருக்கிறாரோ என்று. ஓம், இருக்கிறார் என்றேன்.

"நல்லது அக்கா" என்று சொல்லிவிட்டு, வரிசை நகர, வாளியைக் காலால் முன்னுக்குத் தள்ளினாள்.