ஜெயக்கொடி சிஸ்டரின் கை

"யாரு சோதிச்சுப் பாத்தது? எத்தன பேருகிட்டப் பாத்தாக?"

இந்தக் கேள்விகளோடுதான் ஜெயக்கொடி சிஸ்டர் வார்டுக்குள் நுழைவார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். பின்னால் அவரிடம் படிக்கும் நர்சிங் மாணவிகள், பரீட்சைக்குப் போகிற முகத்தோடு. காலை ஒடித்துக்கொண்டு மதுரைக் காளவாசல் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆடி மாதம் முழுக்கப் படுத்திருந்த எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.

'டீச்சர் சொன்னாக' என்ற பதில் அவரிடம் செல்லாது. "நான் சொன்னேன்னு எதையும் செய்யாத. எனக்கும் யாரோ சொன்னதுதான்" என்பார். ஆராய்ச்சிப் பத்திரிகை கடல் தாண்டி நூலகத்துக்கு வந்து சேர மாதக்கணக்காகும். வந்த அன்றே அவர் கைக்குப் போய்விடும். அதன் இங்கிலீஷை வரிவரியாக உடைத்து மதுரைப் பேச்சில் சொல்வார். "படுத்தே கெடக்குறவுக முதுகு செவந்தா, அந்த எடத்தத் தேய்க்கக் கூடாதாம். உள்ள ரத்தக்குழா நைஞ்சு போகுதாம். பெரட்டிப் பெரட்டிப் படுக்க வைக்கணுமாம்." செல்லக்கிளி என்ற மாணவி தலையாட்டினாள். சிஸ்டருக்கு வந்தது கோபம். "தலைய ஆட்டாத. எப்புடிக் கண்டுபிடிச்சாகன்னு கேளு!"

இப்படிக் கேட்கச் சொல்கிறவர், ஒரு காலத்தில் முதுகு தேய்ப்பதற்கே பேர்போனவர். சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டை ஊற்றி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, பவுடர் போட்டு விடுவாராம். நோயாளிகள் சொக்கிப் போவார்களாம். அந்தக் கைப்பக்குவத்தை வருஷா வருஷம் மாணவிகளுக்கும் பழக்கினார். அவர்கள்தான் இன்று வார்டு சிஸ்டர்கள்.

எங்கள் வார்டு முருகம்மாளும் அப்படி வந்தவர். தங்கமான மனுஷி, பிடிவாதத்தில் கருங்கல். பெரட்டினால் போதும் என்று மாணவிகள் சொன்னால், "நேத்து வந்த பேப்பரு! எங்க சிஸ்டர் கை பட்டு எந்திரிச்சுப் போனவுக எம்புட்டுப் பேருன்னு தெரியுமா?" என்று விரட்டுவார். ஜெயக்கொடி சிஸ்டரே வந்து சொன்னபோது "சரிங்க சிஸ்டர்" என்றார். அவர் தலை மறைந்ததும் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார். ஜெயக்கொடியின் புதுப்பேச்சை ஜெயக்கொடியின் பழைய பேச்சே தோற்கடித்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தச் சிரிப்பு பக்கத்துக் கட்டிலில் நின்று போனது. வாடிப்பட்டி மலைச்சாமி, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். மாணவிகள் இருக்கும் நேரத்தில் அவரைப் பெரட்டிப் படுக்க வைப்பார்கள். அவர்கள் வகுப்புக்குப் போனதும் முருகம்மாள் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து விடுவார். வேளை தவறாமல் வந்து, பிள்ளைக்குத் தேய்ப்பது போல அன்பாகத் தேய்ப்பார். ஒரு காலையில் மாணவிகள் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் போர்வையை விலக்கினால் இடுப்புக்குக் கீழே தோல் பிய்ந்து சதை தெரிந்தது.

ஜெயக்கொடி சிஸ்டர் வந்தார். முருகம்மாள் அழுதுவிட்டார். "ஒரு வேள விடல சிஸ்டர். நீங்க பழக்குன மாதிரியேதான் தேச்சேன்."

மாணவிகள் திட்டு விழும் என்று காத்திருந்தார்கள். சிஸ்டர் குனிந்து புண்ணைப் பார்த்தார்.

"தெரியும் தாயி. நான் பழக்குன கைதான அது" என்றார். "வா, அந்தப் பக்கம் பிடி."

இருவரும் மலைச்சாமியை மெல்லப் பெரட்டினார்கள். இதுவரை அழுந்திக் கிடந்த இன்னொரு பக்கத்து இடுப்பிலும் புதிதாக ஒரு சிவப்பு. அவர் குழறிக் குழறிச் சொன்னார்: "அம்மா… ஒருக்கா நீங்க தேச்சு விடுங்கம்மா. ஒங்க கையப் பத்தி அம்புட்டுச் சொல்றாக."

சிஸ்டரின் வலது கை, அவரைக் கேட்காமலே நீண்டு, அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்துவிட்டது. இடது கை வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டது.