லோர்னாவின் பாதிப் பாய்

மூன்றாவது போர்வையையும் லோர்னா சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற டுவைட் அவள் முகத்தைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டான்.

"இதுவுமா?"

"இதுவும்தான். விடிய விடியப் பல்லு தந்தியடிச்சுது."

"போர்வையோட கழுத்துக் கயித்தை இறுக்கிக் கட்டுனீங்களா?"

"கழுத்தை நெரிச்சுக்காத குறைதான், டுவைட்."

மலை ஏறுகிறவர்கள் டுவைட்டை அவுன்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். லோன் பைன் ஊரில் முதுகுப்பையும் கூடாரமும் விற்கும் கடை அவனுடையது. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் தராசில் வைத்து எத்தனை அவுன்ஸ் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

லோர்னா அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டுகிறவள். ஒன்பது மாதம் ஸ்டியரிங்கும் பிள்ளைகளின் கூச்சலும். கோடை வந்தால் மலை. அவளும் பக்கத்து வீட்டு மேக்சினும் சியரா மலைத்தொடரின் நீண்ட நடைபாதையைக் கோடைக்கு ஒரு துண்டாக நடந்து முடித்துக்கொண்டு வந்தார்கள். பாக்கி இருந்தது கடைசித் துண்டு ஒன்றுதான். ஆனால் போன வருடம் ஓர் இறக்கத்தில் லோர்னாவின் முட்டி மடங்கிவிட்டது. அவளுடைய கூடாரத்தையும் பாதிச் சாப்பாட்டையும் மேக்சின் தன் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கீழே வந்து சேர்ந்தாள். திட்டியிருந்தால்கூட லோர்னாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த வருடம் மேக்சின் நேராகவே சொல்லிவிட்டாள். "உன் பாரம் குறையணும். மேல ஒரு ராத்திரி முழுசாத் தூங்கியும் காட்டணும். தூங்காத ஆளைக் கூட்டிக்கிட்டு நான் கணவாய் ஏற மாட்டேன். முடியலைன்னா சொல்லிடு, என் சித்தி மக மார்சியா வரேங்குறா."

மார்சியா! போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வரக்கூடியவள்.

அதற்காகத்தான் ஜூன் மாதம் லோர்னா கடை வாசலில் நடக்கும் சனிக்கிழமை உதறலுக்குப் போனாள். ஊரில் அது வழக்கம். தார்ப்பாயை விரித்து அவரவர் பையைத் தலைகீழாகக் கொட்டுவார்கள். சுற்றி நிற்கிறவர்கள் "இது எதுக்கு, அது எதுக்கு" என்று ஒவ்வொன்றாகத் தூக்கி எறிவார்கள். லோர்னா உள்ளே நுழைந்து படுக்கும் பழைய இறகு ஸ்லீப்பிங் பேக்தான் முதலில் பறந்தது.

"இது என்ன, கரடிக்குட்டியா?" என்றான் ஒருவன்.

"முதுகுக்கு அடியில நசுங்கிக் கிடக்குற இறகு சூடே தராது. அதை எதுக்குச் சுமக்கணும்? மேல மட்டும் மூடுற இறகுப் போர்வை போதும்," என்றான் அவுன்ஸ்.

அன்று எல்லாருக்கும் எடை குறைக்கும் வெறி பிடித்திருந்தது. பல்துலக்கியின் காம்பை ஒடித்தார்கள். பையின் வாரை வெட்டினார்கள். தரையில் விரிக்கும் அவளுடைய நுரைப் பாயை ஒருவன் நீட்டிப் பிடிக்க, லோர்னா தன் கையாலேயே கத்தரியை எடுத்து இடுப்போடு நறுக்கினாள். காலுக்கு அடியில் முதுகுப்பையை வைத்துக்கொண்டால் போதுமாம். எல்லாரும் கைதட்டினார்கள். அவுன்ஸ் அவள் தோளில் தட்டிக்கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. ஒவ்வொரு போர்வையையும் வண்டியில் போட்டுக்கொண்டு மேலே புல்வெளி முகாமுக்குப் போய்ப் படுத்துப் பார்த்தாள். தண்ணீர் உறைகிற குளிரையும் தாங்கும் என்று சீட்டில் அச்சடித்திருந்தது. யாருக்குத் தாங்கும் என்று போடவில்லை. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். படுக்கும் முன் சீஸ் தின்னச் சொன்னாள் தபால்காரி. பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னான் அவுன்ஸ். லோர்னா அத்தனையும் செய்தாள். அத்தனைக்கும் பிறகு விறைத்துத்தான் எழுந்தாள். கடைக்கு வந்து போகிறவர்கள் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"உங்க உடம்பு வாகு அப்படி," என்றான் அவுன்ஸ், நான்காவது போர்வையை எடுத்துப் போட்டபடி. "இது ரெண்டே அவுன்ஸ்தான் கூட."

"என் உடம்பையும் திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கிக்கட்டுமா?"

அந்த வாரக் கடைசியில் புல்வெளி முகாமுக்கு மேக்சினும் கூட வந்தாள். கடைசிச் சோதனை என்று அவள் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியும். விடிந்ததும் லோர்னா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

"மார்சியாவுக்கே சொல்லிடு," என்றாள். "நான் தோத்துட்டேன்."

மேக்சின் காப்பியை ஊதினாள். "எங்கடி குளிருது?"

"எங்கேன்னா? உடம்பெல்லாந்தான்."

"எல்லாம்னா? உன் சட்டைக் கழுத்து வேர்வையில நனைஞ்சிருக்கு."

லோர்னா தொட்டுப் பார்த்தாள். நனைந்துதான் இருந்தது. நெஞ்சு கதகதப்பாக இருந்தது. முதுகும் பரவாயில்லை. இடுப்புக்குக் கீழேதான், அதுவும் அடிப்பக்கம்தான், ஈரமண்ணில் புதைத்து வைத்தது போல இருந்தது. ராத்திரி உருண்டு புரண்டதில் காலடியில் வைத்த பை எங்கோ ஒதுங்கிக் கிடந்தது.

போர்வைக்குத்தான் அடிப்பக்கமே கிடையாதே. அடியில் காக்க வேண்டியது பாய். அந்தப் பாயைத்தான் அவள் கைதட்டலுக்கு நடுவே நறுக்கினாள்.

"அடப் பாவி மக்கா," என்றாள் லோர்னா. குவளையை வைத்த வேகத்தில் காப்பி சிந்தியது. "இத்தனை வாரமா ஒருத்தனாவது எங்கே குளிருதுன்னு கேட்டானா? எத்தனை அவுன்ஸ், எத்தனை அவுன்ஸ்னே கேட்டானுங்க!"

"நீயும் அதைத்தானே சொல்லிட்டுத் திரிஞ்ச."

மேக்சின் சொன்னது உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

வெட்டிய பாதிப் பாய் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. அவளுடைய நாய் பிக்கிள் ஜூனிலிருந்து அதன்மேல்தான் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. லோர்னா இழுத்தாள், அது உறுமியது. பழைய கம்பளம் ஒன்றைக் கொடுத்துத்தான் பாயை மீட்க முடிந்தது. புதுப் பாய் வாங்க அவுன்ஸிடம் போவதில்லை என்று வீம்பாக, அகல டேப்பை எடுத்து இரண்டு துண்டையும் ஒட்டினாள். நாய்முடியைக்கூடத் தட்டவில்லை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால், குளிருக்கென்று கட்டி வைத்திருந்த சீஸ் அந்தப் பாதிப் பாயைவிடக் கனமாக இருந்தது. சீஸைப் பிக்கிளுக்குப் போட்டாள்.

மறுபடி புல்வெளிக்குப் போனார்கள். காலையில் மேக்சின் மூன்று முறை உலுக்கிய பிறகுதான் லோர்னா எழுந்தாள். மார்சியாவைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஆகஸ்டில் பாதை தொடங்கும் இடத்தில், கட்டையில் தொங்கும் தராசில் மேக்சின் தன் பையை மாட்டி எடையை உரக்கச் சொன்னாள். அதுவும் வழக்கம். வழியனுப்ப வந்திருந்த அவுன்ஸ் லோர்னாவின் பக்கம் திரும்பினான்.

"டேப்பு எத்தனை அவுன்ஸ்னு பார்த்தீங்களா?"

"வாயை மூடு, டுவைட்."

லோர்னா தராசைத் தாண்டி நடந்தாள். முட்டிப் பட்டை இறுக்கமாக இருந்தது. முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து மேக்சின் கத்தினாள். "ஏய் ஐஸ்பெட்டி, மெதுவாப் போடி! உன் பாயிலேருந்து முடி பறந்து என் வாய்க்குள்ள போகுது!"